நாற்றத்தைக் களைந்து நறுமணம் காணல்

குளிக்கும் சவர்க்காரத்தின் உறையில் உரோசாமலரின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. மோந்து பார்த்தால் உரோசாவின் மணமே வீசுகிறது. அத்துணை மலிவான சவர்க்காரத்தில் உண்மையான உரோசாமலரின் தைலம் இருத்தல் கூடுமா என்று மாணவி ஒருவர் எமக்கு எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரு கிலோகிராம் உரோசாத் தைலம் வடிப்பதற்கு 3,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட இதழ்கள் வேண்டும் என்பதை அறிந்தவர்க்கு அவருடைய ஐயம் நியாயமானதென்று விளங்கும்.

அவருக்கு நாம் கூறும் விடை சிறிது வியப்பைத் தரலாம். அச்சவர்க்காரத்தில் உரோசாமலர் இராது. அதற்கு மணமூட்டும் பொருளோ, பெரும்பாலும், எங்கோ ஒரு குளிர்நாட்டிற் காகிதத்துக்காக வெட்டப்பட்ட பைன் மரத்திலிருந்து பிறந்ததாயிருக்கும். அது பிறந்த இடத்திலே உரோசாவின் மணம் வீசவில்லை. அழுகிய முட்டையும் அழுகிய கோவாவும் ஒருங்கே கலந்தாற்போன்ற துர்நாற்றமே வீசியது. அந்நாற்றத்தைக் களைந்த கதையை இவ்வாரம் நோக்குவோம்.

காகிதக் கூழும் டர்ப்பன்டைனும்

பூச்சு வேலை செய்வோர் வர்ணத்தை இளக்கும் டர்ப்பன்டைன் தைலத்தை நாமனைவரும் அறிவோம். பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பிசினைச் சேர்த்துக் காய்ச்சி வடிப்பதே அதனைப் பெறும் பழைய முறை. இன்னொரு வழி காகித ஆலைகளால் வந்தது.

1879 ஆம் ஆண்டளவில், அக்காலத்தில் டான்சிக் என வழங்கிய நகரிலே கார்ல் டால் என்பவர் மரத்தைக் கூழாக்கும் புதிய முறையொன்றைக் கண்டார். மரச்சீவல்களைச் சோடியம் ஐதரொட்சைட்டும் சோடியம் சல்பைட்டும் கலந்த காரநீரில் இட்டு, பெரிய அழுத்தக் கொப்பரைகளில் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவிப்பதே அம்முறை. இவ்வாறு கிடைக்கும் காகிதம் மிக உறுதியானது. ஆகவே அதற்குக் 'கிராப்ற்' என்று பெயர் வழங்கிற்று. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு வலிமை என்பது பொருள். சீமெந்துப் பைகளைக் கண்டவர்களுக்கு அவ்வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பொருள் இலிக்னின் எனப்படும். காரநீரிலுள்ள கந்தகம் அதனைக் கரைத்து நார்களை விடுவிக்கிறது. அவ்வேளையில் இலிக்னினிலே தொங்கும் மெதைல் கூட்டங்கள் சிலவற்றை அது கவர்ந்து தன்னோடு இணைத்துக்கொள்கிறது. இங்ஙனம் பிறப்பனவே மெதைல் மேர்கப்டன், இருமெதைல் சல்பைட்டு முதலிய நாற்றப் பொருள்கள்.

கொப்பரை சூடேறும்போது வெளிவிடப்படும் ஆவியில், மரத்திலிருந்த டர்ப்பன்டைனும் கலந்து வருகிறது. ஆவியைக் குளிரவைத்தால் தைலம் நீரின்மேல் மிதக்கும், அதனைப் பிரித்தெடுத்துக்கொள்வர். இதுவே பண்படாச் சல்பேற்று டர்ப்பன்டைன். ஒரு தொன் கூழுக்குச் சில கிலோகிராம் மாத்திரமே கிடைக்கும். எனினும் ஆலைகள் மிகப் பெரியனவாதலால் மொத்தத்தில் அது பெருந்தொகையாகிறது. ஆயினும் அத்தைலத்தின் நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை பொதுவாகக் கந்தகம் உண்டு. அக்கந்தகம் உள்ளவரை அதனை மணப்பொருளாக்க வழியில்லை.

மூக்கு எனும் நுண்கருவி

நூற்றுக்கு ஒரு பங்குதானே, மற்றைய தொண்ணூற்றொன்பது பங்கின் மணம் அதனை மறைத்துவிடாதா என மாணவர்கள் கேட்கலாம். மறைக்காது. மேர்கப்டன் வகைகளை நூறு கோடிப் பங்கு காற்றில் ஓரிரு பங்கு கலந்திருப்பினும் மனித மூக்கு கண்டுகொள்ளும். ஒரு கிலோகிராம் அரிசியிலே ஏறத்தாழ 50,000 மணிகள் உள்ளனவென்று கொள்வோம். அவ்வாறாயின் நூறு கோடியில் ஒன்று என்பது 20 தொன் அரிசியில் ஒரு மணி. இரண்டு லொறி நிறைந்த அரிசியில் ஒரேயொரு கல்லைக் கண்டெடுத்தல் போன்றது!

இவ்வாற்றலை மனிதன் தன் பாதுகாப்புக்கும் பயன்படுத்தியுள்ளான். நமது அடுக்களையிலுள்ள சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லையெனலாம். அது கசிந்தால் நாம் அறிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எதைல் மேர்கப்டனைச் சிறிதளவு கலந்துவிடுகிறார்கள். அடுக்களையில் உயிர்காக்கும் அந்நாற்றமே வாசனைப் பொருளில் ஒரு துளி நின்றாலும் முழுவதையும் கெடுத்துவிடும்.

களையும் வழிகள்

முதல் வழி காய்ச்சி வடித்தல். ஒவ்வொரு திரவமும் தனக்குரிய வெப்பத்திலே கொதிக்கும். மெதைல் மேர்கப்டன் 6 பாகையிலும், இருமெதைல் சல்பைட்டு 37 பாகையிலும், இருமெதைல் இருசல்பைட்டு 110 பாகையிலும் கொதிப்பன. நமக்கு வேண்டிய அல்பா பைனீன் 156 பாகையளவிலும், பீற்றா பைனீன் 166 பாகையளவிலும் கொதிக்கும். ஆகவே உயர்ந்த வடிகோபுரங்களிலே பகுதிபடக் காய்ச்சி வடித்தால், நாற்றப் பொருள்களிற் பெரும்பகுதி முன்னரே ஆவியாகிப் பிரிந்துவிடும்.

பெரும்பகுதி என்றோமேயன்றி முழுவதும் என்றோமல்லோம். இருமெதைல் முச்சல்பைட்டு என்றொரு பொருள் உண்டு. அது 165 முதல் 170 பாகைக்குள் கொதிப்பது. அதாவது பீற்றா பைனீனோடு தோளோடு தோள் உரசி நடப்பது. திருவிழாக் கூட்டத்திலே கள்வன் அடியார்போல வேடம் பூண்டு வந்தால் வாயிற்காவலன் அவனை எவ்வாறு பிரித்தறிவான்? அதன் நாற்றமோ மேர்கப்டனுக்குச் சற்றும் இளைத்ததன்று.

ஆகவே இரண்டாவது வழியாக இரசாயன முறையை நாடுகிறார்கள். மேர்கப்டன் மெல்லிய அமிலத்தன்மை உடையது. காரநீரிலே கழுவினால் உப்பாக மாறி நீரோடு போய்விடும். சல்பைட்டுகள் அவ்வாறு போகமாட்டா. அவற்றுக்கு ஒட்சிசனை ஊட்டவேண்டும். வெள்ளைத் துணி வெளுக்கும் திரவத்திலுள்ள சோடியம் ஐபோகுளோரைற்று, அல்லது ஐதரசன் பேரொட்சைட்டு இதற்குப் பயன்படும். ஒட்சிசனைப் பெற்ற இருமெதைல் சல்பைட்டு நீரிற் கரையும் பொருளாக மாறித் தைலத்தை விட்டு நீங்கும். இங்கும் அளவு தவறலாகாது. குறைந்தால் நாற்றம் நிற்கும். மிகுந்தால் பைனீனையே குளோரின் தாக்கி, பழைய அழுக்குக்குப் பதிலாகப் புதிய அழுக்கைத் தோற்றுவிக்கும். இறுதியில் எஞ்சும் சுவடுகளை, நுண்துளைகள் மலிந்த ஏவற்கரியின் ஊடாகத் தைலத்தைச் செலுத்திப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆலைக்கு ஆலை முறைகள் வேறுபட்டாலும், கந்தகத்தைப் பத்து இலட்சத்திற் சில பங்காக, இயலுமாயின் அதற்கும் கீழாகக் குறைப்பதே குறிக்கோள்.

பெற்றோலிய ஆலைகள் எண்ணெயிலுள்ள கந்தகத்தை ஐதரசன் வாயுவினால் எளிதாக அகற்றுகின்றனவே, அதனையே இங்குங் கையாளலாகாதா என்பது நியாயமான வினா. கையாளலாகாது. ஐதரசன் கந்தகத்தோடு நில்லாமல் பைனீனின் இரட்டைப் பிணைப்பையும் நிரப்பிவிடும். பின்னர் அதிலிருந்து மணப்பொருள்களைச் செய்யும் வாய்ப்புகளிற் பல அடைபட்டுப்போகும். களையைப் பிடுங்கும்போது பயிரையும் பிடுங்காதிருத்தல் இத்தொழிலின் அருமையான பகுதி.

அதன்பின் பிறக்கும் மணங்கள்

தூய்மை பெற்ற பைனீன் ஒரு தாய்ப்பொருள். பீற்றா பைனீனை மிகுந்த வெப்பத்துக்குள்ளாக்கினால் மேர்சீன் எனும் பொருளாகும். அதிலிருந்து உரோசா மணமுடைய ஜெரானியோலையும் வேறு பல மலர்மணப் பொருள்களையும் செய்யலாம். நமது நாட்டின் தென்பகுதியிலே சிற்றனெல்லாப் புல்லைக் காய்ச்சி வடித்தெடுக்கும் எண்ணெயில் இருப்பதும் இதே ஜெரானியோல்தான். புல்லிலிருந்து வந்தாலும் பைன் மரத்திலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே.

பற்பசைக்கும் இனிப்புக்கும் குளிர்ச்சி தரும் மெந்தோலையும் மேர்சீனிலிருந்து செய்கிறார்கள். 1983 ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் இது பேரளவில் நடைபெற்று வருகிறது. அதற்கு உதவிய உரோடிய ஊக்கியை ஆராய்ந்த பேராசிரியர் றியோஜி நொயோரி, 2001 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர். கந்தகத்தைக் களைவதற்கு இங்கே இன்னுமொரு காரணம் புலப்படும். இவ்வகை உலோக ஊக்கிகள் பலவற்றுக்குக் கந்தகம் நஞ்சு. சிறிதளவு பட்டாலும் அவை செயலிழந்துவிடும்.

அல்பா பைனீனின் மக்களுள் நமக்கு மிக நெருங்கியது கற்பூரம். இன்று உலகிற் பயன்படும் கற்பூரத்திற் பெரும்பகுதி கற்பூர மரத்திலிருந்து வந்ததன்று. ஏதேனும் ஒருவகை டர்ப்பன்டைனிலிருந்து செய்யப்பட்டதே. கோயிலிலே நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சுடரும் பைன் காட்டோடு உறவுடையது.

களைந்த நாற்றம் எங்கே போகிறது?

இதுவரை கூறியது வெற்றிக் கதை. ஆனால் இங்கே நிறுத்தினால் பாதி உண்மையையே கூறியவர்களாவோம். தைலத்திலிருந்து பிரித்த கந்தகம் அழிந்துபோவதில்லை. அது ஆவியாகவோ கழிவுநீராகவோ எங்கேனும் சென்றே தீரும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரம் இதற்குச் சான்று. டர்ப்பன்டைனிலிருந்து மணப்பொருள் செய்யும் ஆலைகளுக்குப் பேர்போன அந்நகரம், காகித ஆலைகளையும் உடையது. பல ஆண்டுகளாகத் துர்நாற்றத்துக்கும் பேர்போனதாயிருந்தது. உலகத்தார் மேனியிற் பூசிய மணத்துக்கு அந்நகரத்தார் தம் மூக்கால் விலை கொடுத்தனர் எனலாம். 1987 ஆம் ஆண்டு நகரத் தலைவராகத் தெரிவான தொமி ஹசூரி, நாற்றத்தை ஒழித்தலைத் தமது முக்கிய கடமைகளுள் ஒன்றாகக் கொண்டார். கட்டுப்பாடு வந்தபின்னரே அந்நிலை சீர்ப்படத் தொடங்கிற்று. நாற்ற வாயுக்களை மூடிய குழாய்களிற் சேர்த்து எரித்து, எரிவதாற் பிறக்கும் கந்தக வாயுவைக் காரநீரிற் கழுவுதல் இன்று அறியப்பட்ட முறையே. வழி இல்லாமையன்று, செலவிட மனமில்லாமையே பல இடங்களில் தடையாகிறது.

மூக்கைத் துன்புறுத்துவதோடு இது நின்றுவிடுவதுமில்லை. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள், லூயிசியானா மாநிலத்து டிறிடர் நகரின் காகித ஆலையொன்றில், துர்நாற்றக் கழிவுநீர் நிரம்பிய தொட்டி ஒன்று வெடித்தது. நீரின்மேல் டர்ப்பன்டைன் படலம் மிதக்க, அதன்மேல் எரியக்கூடிய ஆவி நிறைந்திருந்தது. அருகே குழாய் ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் மாண்டனர், எழுவர் காயமுற்றனர். அத்தொட்டியின் பொறுப்பு எப்பகுதியாருக்குரியது என்பதிலேயே ஆலையிற் குழப்பம் நிலவியது என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. கழிவைக் கவனிப்பது யாருடைய கடமையும் அன்று என்றிருக்கும் இடத்திலே, அது தன்னைத் தானே நினைவூட்டிவிடுகிறது.

இல்லத்தரசியருக்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். டர்ப்பன்டைனிலிருந்து பற்பசையின் மெந்தோல் பிறக்கிறது என்பதனாற் கடையிலே வாங்கும் டர்ப்பன்டைன் தீங்கற்றது என எண்ணிவிடலாகாது. அது விழுங்கினால் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை விட்டொழித்து, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில், பெயர் எழுதிய கலத்திலே வைப்பதே முறை.

பழந்தமிழில் 'நாற்றம்' என்பது மணத்தின் பொதுப்பெயர். நறுமணத்தையும் அச்சொல்லாற் குறித்தனர். இன்றோ அது தீமணத்துக்கே உரியதாகிவிட்டது. காகித ஆலையின் கொப்பரையிலும் இரண்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. அவற்றைப் பிரிப்பது மனிதனின் உழைப்பு. கேள்வி கேட்ட மாணவிக்கு நாம் சொல்ல விழைவதும் இதுவே: அடுத்தமுறை அச்சவர்க்காரத்தை மோந்து பார்க்கும்போது, அதில் இருக்கும் மணத்தோடு, அதில் இல்லாத நாற்றத்தையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அதனைக் களைந்தவர் எவர், களைந்ததை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று கேட்கப் பழகிவிட்டால், இரசாயனப் பாடத்தின் பயனைப் பெற்றவராவீர்கள்.