பழைய நாற்காலியும் இருபது கோடியும்

மதுரைத் தெருக்களில் பழைய இரும்பு வாங்குகிறவர் கூவிக்கொண்டு வருகிறார். தாத்தா காலத்து இரும்பு நாற்காலி தராசில் ஏறுகிறது. கிலோ இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சில நூறு ரூபாய் கொடுக்கிறார். அத்துடன் அந்த நாற்காலியின் கதை முடிந்துவிடுகிறது.

2015-ம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு சாய்வு இருக்கை ஏலம் விடப்பட்டது. அது போன விலை என்ன தெரியுமா? 24 லட்சம் பவுண்டு! இந்தியப் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல்.

அது தங்கத்தால் செய்ததா? இல்லை. மேலே போர்த்தியிருந்தது வெறும் அலுமினியத் தகடு. ஆகாய விமானத்துக்குச் செய்வதுபோலத் தகடுகளை ஆணியடித்து இணைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்க் நியூசன்.

சைக்கிள் தந்த யோசனை

ஜெர்மனியில் வேலை பார்த்த மார்செல் புருயர், 1925-ம் ஆண்டு தம் சைக்கிளைப் பார்த்தார். அதன் கைப்பிடிக் குழாய் அழகாக வளைந்திருந்தது. 'இதுபோலக் குழாயை வளைத்து நாற்காலி செய்தால் என்ன?' என்று நினைத்தார். செய்தும் காட்டினார். அந்த நாற்காலி இன்று பொருட்காட்சிச் சாலைகளில் இருக்கிறது.

சண்டிகரில் நடந்தது

சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது, அலுவலகங்களுக்காகப் பியேர் ஜான்னரே தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை அமைத்தார். பழசானதும் அவற்றைக் குப்பைபோலக் குவித்தார்கள். மலிவாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய், லட்சக்கணக்கில் விற்றார்கள். அதன் பிறகுதான் கண் திறந்தது. அவற்றை விற்கக் கூடாது என்று 2011-ம் ஆண்டு மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது.

அந்த நாற்காலிகளை இழைத்த பல தச்சர்களின் பெயர் உலகத்துக்குத் தெரியாது. லாபத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை.

மதுரைப் பட்டறைகள்

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் இரும்பு பீரோவும் கட்டிலும் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. தொழிலாளி தகட்டை வெட்டுகிறார், மடக்குகிறார், பற்றவைக்கிறார், துரு நீக்கி வர்ணம் அடிக்கிறார். கல்யாணச் சீர்வரிசையில் அந்த பீரோவுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் செய்தவர் பெயர் வாங்கியவருக்கும் தெரியாது.

லண்டன் இருக்கையும் தகடுதான். மதுரை பீரோவும் தகடுதான். ஒன்று கோடிக்குப் போகிறது. மற்றொன்று எடைக்குப் போகிறது. நடுவில் இருப்பது புதிய யோசனையும், செய்தவருக்குக் கிடைத்த பெயரும்.

எல்லாப் பழைய நாற்காலியும் கோடி தராது. அந்த ஆசை வேண்டாம். ஆனால் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகள் கழித்துக் கட்டிய எனாமல் பாத்திரங்களைப் பழம்பொருள் என்று விலை கொடுத்து வாங்குகிறவர்களைக் காணலாம். அதுவும் ஒரு காலத்தில் வெறும் இரும்புத் தகடுதான்.

செய்ய வேண்டியது

பட்டறைப் பிள்ளைகளுக்கு வரைபடம் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் அதற்கு உதவ வேண்டும். ஒவ்வொரு பீரோவிலும், செய்தவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் பழைய பொருளைத் தராசில் வைக்கும் முன் ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

இரும்புக்கு எடை உண்டு. அதில் பட்ட கைக்கு மதிப்பு உண்டு. தராசு எடையை மட்டும்தான் காட்டும்.