தறியை விட்டவருக்கும் ஒரு திண்ணை வேண்டும்!

“பார்வை மங்கியதால் அப்பா தறியை விட்டு ஓராண்டு ஆகிறது. யாரிடமும் பேசாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார். இவரைப் போன்ற முதியவர்கள் கூடிப் பேச, ஊரிலேயே ஓர் இடம் ஏற்படுத்த முடியுமா?”

- வாசகர், ஆரணி.

முடியும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

பட்டு நெசவு தனி ஆள் தொழில் அல்ல. தெருவில் பாவு நீட்ட நாலைந்து பேர் வேண்டும். தார் சுற்ற வீட்டுப் பெரியவர்கள் வேண்டும். சேலை கொடுக்கச் சங்கத்துக்குப் போனால் அங்கேயும் பேச்சு. தறியை விட்டவருக்கு வருமானத்தோடு இந்தப் பேச்சுத்துணையும் போய்விடுகிறது. களத்துமேட்டுக்குப் போவதை நிறுத்திய விவசாயிக்கும் இதே நிலைதான். தனிமை மனக்கவலையோடு நிற்பதில்லை. இதயநோய், பக்கவாதம், மறதி வரவும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்திருக்கிறது.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்காக 25 ‘அன்புச் சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை மாநகராட்சிகளுக்கானவை. சிறிய ஊர்களில் மக்களே தொடங்கலாம்.

முதலில் கண், காது பரிசோதனை அவசியம். கண்புரை என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். காது சரியாகக் கேட்காதவர்களும் கூட்டத்துக்கு வரத் தயங்குவார்கள்.

இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். கோயில் மண்டபம், சங்கக் கட்டடம், சமுதாயக்கூடம் எதுவானாலும் சரி. சாய்ந்து உட்கார பெஞ்ச், படியில் கைப்பிடி, குடிநீர், கழிப்பறை வேண்டும். கழிப்பறை இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் திறந்தால் போதும்.

‘சும்மா வந்து உட்காருங்கள்’ என்றால் தறிக்காரர் வரமாட்டார். ‘புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அறுந்த இழையைப் பிணைக்கச் சொல்லிக்கொடுங்கள்’ என்றால் வருவார். விவசாயிகள் விதை பொறுக்கித் தரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பகுதிகளில் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ அமைப்பு முதியோர் சுயஉதவிக் குழுக்களை உருவாக்கியது. அங்கே சேமிப்பு, கடன், தொழில் எனப் பொறுப்புகள் இருந்ததால் முதியவர்கள் ஒன்றுகூடினார்கள்.

இரண்டு நாள் வராதவரின் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். உதவி, ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். முதல் நாள் அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போய், அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.