கீசர்ல சொட்டுற தண்ணியை அடைக்காதீங்க

மார்கழி வந்தாச்சு. வருஷம் பூரா சும்மா இருந்த கீசரை இப்பதான் நிறைய பேர் போடுறீங்க.

குளிர்ந்த தண்ணி உள்ளே போற குழாயில பித்தளையில ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். சூடேறும்போது அதுலேர்ந்து தண்ணி சொட்டும். "லீக் ஆகுது"ன்னு அதோட வாயை எம்-சீல் வெச்சு அடைக்கிறாங்க பாருங்க, ஒரு டாக்டரா எனக்கு அதுதான் பயம்.

அது லீக் இல்லீங்க. 15 லிட்டர் தண்ணி 30 டிகிரியிலேர்ந்து 60-க்குச் சூடானா கிட்டத்தட்ட 190 மில்லி பெருகும். ஒரு டம்ளர். நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தா அது மேல் டேங்குக்குத் திரும்ப முடியாது. வெளியே வந்துதான் ஆகணும்.

நம்ம டெல்டாவுல நெல் அவிக்கிற ஆலை பாய்லரைப் பார்த்திருப்பீங்க. நீர் மட்டம் காட்ட கண்ணாடிக் குழாய், பிரஷருக்கு முள் மீட்டர், சேஃப்டி வால்வு, பார்த்துக்க ஓர் ஆள். சான்றிதழ் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு 1923-லேயே சட்டம் போட்டாச்சு. 25 லிட்டருக்குக் குறைவான பாய்லரும், தண்ணியை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்குறதும் அந்தச் சட்டத்துல வரலை. நியாயம்தான், பாத்ரூம் பாத்ரூமா இன்ஸ்பெக்டர் வர முடியுமா? ஆனா கண்ணாடியும் முள்ளும் இல்லாத இடத்துல, இருக்கிற ஒரே வால்வையும் நாமளே அடைக்கலாமா?

தெர்மோஸ்டாட் கெட்டு, கட்-அவுட்டும் வேலை செய்யாம, வால்வும் அடைச்சிருந்தா, உள்ளே அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்கும். டேங்க் பிளந்தா அந்த நொடியே ஆவி. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அபூர்வம்தான். நடந்தா குளிக்கிற ஆள் ஓட இடமில்லை.

சூடேறும்போது மட்டும் சொட்டினா விட்டுடுங்க. ஒரு டியூப் மாட்டி தரைக்கு இறக்கினா போதும். டியூப் முனை திறந்தே இருக்கணும். கீசர் ஆஃப்ல இருக்கும்போதும் விடாம சொட்டினா, பெரும்பாலும் போர் தண்ணி உப்பு படிஞ்சிருக்கும். வால்வை மாத்துங்க. சில நூறு ரூபாய்தான். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட இதைக் காட்டுங்க.

வெப்பத் திருகு இருந்தா 50-கிட்ட வைங்க. 60 டிகிரி தண்ணி பெரியவங்க தோலையே 5 நொடியில ஆழமா சுட்டுடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். சுட்டுட்டா பேஸ்ட், இங்க் எதுவும் தடவாம 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

இன்னைக்கே போய்ப் பாருங்க. வால்வு வாய் அடைச்சிருந்தா கீசரை ஆஃப் பண்ணிடுங்க. பிளம்பர் வர்ற வரைக்கும் அடுப்புல வெந்நீர் போட்டுக்கலாம்.