எவரிடம் எதை ஒப்புவிப்பது?

தேயிலைத் தோட்டமொன்றில் அதிகாரத்தாற் பெரியவர் துரை. ஆயினும், மாடியிலே பரப்பி வாட்டப்படும் கொழுந்து அரைப்பதற்குப் பதமாகிவிட்டதா என்பதை நள்ளிரவு கடந்த வேளையில் தீர்மானிப்பவர் அவர் அல்லர். அது டீமேக்கரின் பொறுப்பு. அவர் ஒரு பிடி கொழுந்தை அள்ளி அழுத்திப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு இன்னும் ஒரு மணி நேரம் செல்லட்டும் என்பார். அவ்வளவுதான், இயந்திரங்கள் காத்து நிற்கும். பறிக்கையில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் நீர் நிறைந்திருந்த கொழுந்து, வாடியபின் ஏறத்தாழ 55 பங்குக்கு வந்திருக்க வேண்டும். மழை நாளில் இதற்கு ஒரு கணக்கு. தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றுக்கு வேறொரு கணக்கு. அந்த வறண்ட காற்று வீசும் காலத்திலேதான் லிந்துலையை உள்ளிட்ட டிம்புல வட்டாரத்துத் தேயிலை தன் மிகச் சிறந்த மணத்தைப் பெறுகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து தேவை. பதம் தவறினால், அத்தனை கொழுந்தையும் மலைச்சரிவிலே பறித்த பெண்களின் ஒரு நாள் உழைப்பு மங்கிய சாயமாகிவிடும்.

இத்துணைப் பெரிய பொறுப்பைப் பிறர் கையில் விட்டுவிட்டுத் துரை எவ்வாறு நிம்மதியாக உறங்குகிறார்? உறங்குவதற்கு அவரிடம் ஒரு வழி இருக்கிறது. தூள் கொழும்புக்குப் போகிறது. அங்கே தரகு நிறுவனத்தின் சுவைஞர், வெந்நீரில் ஊறிய இலையின் நிறத்தைப் பார்க்கிறார். சாயத்தை உறிஞ்சிச் சுவைத்துத் துப்புகிறார். தம் கருத்தை எழுதி அனுப்புகிறார். அதன்பின் ஏலத்தில் விலை விழுகிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டு சூலை 30 ஆந் திகதி தொடங்கியது. 2020 இல் பெருந்தொற்றுக் காலத்திலே அது கணினி வழிக்கு மாறிற்று. சுவைஞருக்கு டீமேக்கரின் முகம் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. சாயத்தில் ஒளி குறைவு என்று அவர் எழுதிவிட்டால், துரை டீமேக்கரை அழைத்துக் காரணம் கேட்பார். இன்னும் ஐந்து நிமிடம் உருட்டு என்று அவர் சொல்லார். சொல்லும் துரைமாரும் இருந்திருக்கலாம். அவர்களுடைய தூளை வாங்கியவர்களே அதன் பயனை அறிவர்.

ஜேம்ஸ் டெய்லரின் கதையிலும் இதே பாடம் கிடக்கிறது. 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் அவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அத்தோட்டம் அவருடையதன்று, அவர் அதன் பொறுப்பாளர் மட்டுமே என்பதைப் பலர் அறியார். பங்களாவின் தாழ்வாரத்தில் மேசைமீது இலையைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரிநெருப்பிட்டு உலர்த்திப் பார்த்தார் அவர். 1872 இல் உருட்டும் இயந்திரத்தோடு தொழிற்சாலை அமைத்தார். மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. உரிமையாளர்கள் அருகிலே நின்று அடுப்பை ஊதியிருந்தால் அவருக்குத் தாழ்வாரமும் மிஞ்சியிராது. டீமேக்கருக்கும் துரைக்கும் எட்டாத மண்ணையும் பூச்சியையும் பற்றிய ஐயங்களைத் தீர்ப்பதற்கு நமக்கு அண்மையிலேயே, தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில், 1925 இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் தேயிலையைப் பற்றிப் பேசியது நம் கடைவீதிக்காகவே.

தோட்டத்திலே ஆயுள் முழுவதும் உழைத்த தாய் தந்தையரின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை முதலாக இட்டுக் கடை திறக்கும் இளைஞர் இன்று இங்கே பலர். அவர்கள் குடும்பத்தில் முதலாளி என்று அழைக்கப்படும் முதல் மனிதர் அவர்களே. பற்றுச்சீட்டு அடிக்கும் கணினி, தொலைபேசி வழியாக வரும் பணம், இணையத்தில் விளம்பரம், வரிப் படிவம் எல்லாம் இந்தச் சிறு கடைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. என் பழைய மாணவர் ஒருவருடைய பலசரக்குக் கடையில் இவை யாவற்றையும் உறவுக்காரத் தம்பி ஒருவரே பார்த்துவந்தார். கடவுச்சொற்கள் அவருடைய பெயரில். கணக்குகள் அவருடைய மின்னஞ்சலில். தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது; போய்விட்டார். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கணினி திறக்க மறுத்தது. யார் எவ்வளவு கடன் என்பது உள்ளே பூட்டிக் கிடந்தது. தம்பி தீயவர் அல்லர். அங்கே அவருக்கு அப்போது இரவு வேலை, அழைப்பை எடுக்க இயலவில்லை. அந்த நான்கு நாட்களில் முதலாளி இழந்தது எவ்வளவு என்பதை அவர் தம் தாயிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தம்பிக்கு மாதம் எவ்வளவு கொடுத்தீர் என்று கேட்டேன். அவர் திகைத்தார். கொடுக்கவில்லையாம். வீட்டுப் பிள்ளைதானே, சும்மா பார்த்துக் கொடுத்தானாம்.

நோய்க்கு மூலம் இங்கேதான் என்பது என் எண்ணம். மின்கம்பி இழுக்கிறவருக்குக் கூலி கொடுக்கிறோம். கணினியைத் திருத்துகிறவருக்கு ஒரு தேநீரும் புன்னகையும் கொடுக்கிறோம். கூலி கொடாத வேலையைக் குறித்துக் கேள்வி கேட்க நமக்கு நாவு எழாது. ஏட்டில் எழுதி வை என்றோ, சாவி என்னிடமும் இருக்கட்டும் என்றோ சொல்லக் கூச்சமாயிருக்கும். சொன்னால், என்னை நம்பவில்லையா அண்ணா என்று அவனும் வருந்துவான். டீமேக்கருக்குச் சம்பளம் உண்டு. ஆகவே துரை கேட்கலாம், அவரும் மறுமொழி சொல்லலாம். இருவருக்கும் அது கௌரவம். வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதலை 51 ஆம் அதிகாரமாகவும் தெரிந்து வினையாடலை 52 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஆளை ஆராய்வது முன்னர். வேலையை ஒப்புவிப்பது பின்னர். நம்மவர் ஆராய்வது உறவுமுறையை மாத்திரமே.

எதையுமே பிறரிடம் விடாத முதலாளியும் உண்டு. அவர் கடையில் கணினிமேல் துணி போர்த்தியிருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல்.

நம் மாணவர் இப்போது தலவாக்கலையிலிருந்து ஓர் இளம் பெண்ணை மாதம் இரு முறை வரவழைக்கிறார். பேசிய கூலி உண்டு. கணக்குகள் கடையின் பெயருக்கு மாறிவிட்டன. கடவுச்சொற்கள் எழுதிய கொப்பி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் திகதியிட்டுத் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டே போகவேண்டும். அது எவ்வாறு இயங்குகிறது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் முயலவுமில்லை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, கதவை அரைவாசி சாத்திவிட்டுச் சீனி மூடைகளையும் மாவு மூடைகளையும் தாமே எண்ணுகிறார். பிறகுதான் திரையில் உள்ள எண்ணைப் பார்க்கிறார். சென்ற மாதம் இரண்டு மாவு மூடை வித்தியாசம். திங்கட்கிழமை காலை அவளை அழைத்துக் கேட்டிருக்கிறார். அவளும் கொப்பியைப் புரட்டி, பதிவில் விடுபட்ட நாளைக் கண்டுபிடித்துக் காட்டினாளாம்.