கேமராவோடு வருகிறேன், ஆனால் ஈ.சி.ஆருக்கு அல்ல



போன வாரம் நான் போட்ட பைக் படத்தைப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. படத்தில் இருப்பவர் என் கல்லூரித் தோழர். வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பாச்சி ஆர்ஆர் 310 வாங்கினார். (அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். தெரியாவிட்டால் படத்தைப் போட எனக்கு ஏது தைரியம்!) எடுத்த இடம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். அன்று அங்கே 'டிராக் டே'. பணம் கட்டி, அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பழகும் நாள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

அந்தப் படத்தின் கீழே, செங்கல்பட்டில் என்னிடம் படித்த ஒரு தம்பி, "சார், ஞாயிறு காலை அஞ்சு மணிக்கு ஈ.சி.ஆர். வாங்க. கோவளத்துல இருந்து மகாபலிபுரம் வரைக்கும் விரட்டுறோம், எங்களையும் இப்படி எடுங்க" என்று எழுதியிருந்தான். மாட்டேன் என்று பதில் போட்டேன். ஏன் சார் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வாத்தியாரிடம் காரணம் கேட்டால் பாடம் நீளத்தான் செய்யும்.

முதலில் படத்தைப் பற்றியே சொல்கிறேன். ஓடும் வண்டியை 1/1000 வினாடியில் எடுத்தால் சக்கரக் கம்பி வரை துல்லியமாக விழும், ஆனால் வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்பது போலவே இருக்கும். அதனால் 1/125 வைத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, வண்டியின் கூடவே கேமராவையும் ஓட்ட வேண்டும். திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும், அழுத்திய பிறகும் நிறுத்தக் கூடாது. வண்டி தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழும். அன்று 200 படம் எடுத்தேன், தேறியது 9.

அந்த ஒன்பதும் வளைவில் எடுத்தவை. நேர்ப்பாதையில் எடுத்த ஒன்றுகூட வேகத்தைக் காட்டவில்லை. மாமல்லபுரத்துக்கு உங்களைச் சுற்றுலா அழைத்துப் போனபோது மகிஷாசுரமர்த்தினி குகையில் நிற்க வைத்தது நினைவிருக்கிறதா? ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை முன்னே பாய்கிறாள், அசுரன் பின்னே சாய்கிறான். எதிர்ச்சுவரில் பெருமாள் படுத்திருக்கிறார், அங்கே எல்லாம் அமைதி. அந்தப் பல்லவச் சிற்பி சண்டையின் வேகம் முழுவதையும் சாய்வில்தான் வைத்தான். என் தோழரும் வளைவில் முழங்கால் தரையைத் தொடுமளவு சாய்ந்திருக்கிறார். ஹெல்மெட் மட்டும் வளைவின் முடிவை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஈ.சி.ஆரில் அப்படிச் சாயத் தோதான வளைவு எங்கே இருக்கிறது? அதனால்தான் அங்கே போகும் பிள்ளைகள் ஸ்பீடாமீட்டரைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். முள்ளைப் பார்த்து யார் ரசிப்பது?

சரி, கணக்குக்கு வருவோம். 60 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்தால், நல்ல தார்ச்சாலையில் வண்டி நிற்க சுமார் 34 மீட்டர் வேண்டும். 120-இல் சுமார் 103 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரமோ மூன்று மடங்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் மீன் வாங்கப் போகும் அம்மாவும், வண்டியைத் திருப்பும் ஷேர் ஆட்டோக்காரரும் அந்த 103 மீட்டருக்குள் இருப்பார்கள். நாய், மாடு, கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல் எல்லாம் தனி.

இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம், 12 வளைவுகள். எல்லா வண்டியும் ஒரே திசை. வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடம் உண்டு. கொடி காட்ட ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. தோல் உடை, முதுகுக் காப்பு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லிருந்து இருக்கிறது, இந்தத் தடம் வந்தது 1990-இல். வேகத்துக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நமக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள்.

தடத்தில் சாவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் நடந்த பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் விழுந்து இறந்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளைப் பந்தயத்தில் விடலாமா என்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் தடத்தில் இறங்கும் வளர்ந்த மனிதன் தன் உயிரைத் தெரிந்தே பணயம் வைக்கிறான். மீன் வாங்க வந்த அம்மாவை யார் கேட்டார்கள்?

கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி. எடுக்க ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் பையன் இன்னும் கொஞ்சம் முறுக்குவான். நான் ஓரமாக நின்று எடுத்தால், அந்தச் சாலையை மேடையாக்கியதில் நானும் ஓர் ஆள். வகுப்பில் கைதட்டல் கிடைத்தால் சேட்டை கூடுவதை 34 வருடம் பார்த்தவன் நான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். 18 வயது ஆகாத பிள்ளை குற்றம் செய்து பிடிபட்டால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

தம்பி, அடுத்த டிராக் டே தேதி தெரிந்ததும் எனக்குப் போன் போடு. சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம் வழியாகக் காரில் சேர்ந்தே போகலாம். தடத்துக்குக் கட்டும் பணம் உன்னுடையது. டிபன் செலவு என்னுடையது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்டு, வெயில் ஏறும்வரை நின்று எடுத்துத் தருகிறேன்.