ஹேண்ட்பிரேக் என்ன ஊறுகாயா, இருந்தா தொட்டுக்க?

போன ஞாயித்துக்கிழமை ஒரு கார் என் கண்ணு முன்னாடி தானா கிளம்பிப் போச்சு மக்களே. உள்ள ஆள் இல்லை. இன்ஜின் ஆஃப். கியர் 'பார்க்'ல இருந்துச்சு, அதாவது இருந்த மாதிரி இருந்துச்சு. சரிவான டிரைவ்வேயில கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவா பின்னாடியே போய், எதிர் வீட்டுக் குப்பைத்தொட்டியில இடிச்சு நின்னுச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அதே சரிவுல உக்காந்து அண்ணனோட நாலு வயசுப் பொண்ணு சாக்பீஸால படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. பசிக்குதுன்னு உள்ள போயிருந்தா. அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங். ஊர் பிட்ஸ்பர்க். ஓனர் என் டீம்ல இருக்குற அண்ணன், வீட்ல திட்டு வாங்கிக்கிட்டே ரெண்டு வருஷமா இழைச்ச வண்டி. பின்பக்க டிரம் பிரேக்கைத் தூக்கிட்டு டிஸ்க் போடச் சொல்லி ஒரு கடையில விட்டார். டிஸ்க் வந்துச்சு, ஹேண்ட்பிரேக் வரல. டேஷ்போர்டு அடியில இருக்குற கைப்பிடியை இழுத்தா கிணத்துல வாளி இல்லாத கயிறு மாதிரி சும்மா வருது. கேட்டதுக்கு கடைக்காரர் சொன்னதை தமிழ்ல சொல்றேன்: "பழைய வண்டிக்கு யாருப்பா இதையெல்லாம் போடுறா? ஆட்டோமேட்டிக்தானே, பார்க்ல போட்டுட்டுப் போ."

இவர் ஒருத்தர் சொன்னா விட்டுடலாம். பழைய வண்டி வச்சிருக்கிற பாதிப் பேர் இதையேதான் சொல்றாங்க. அறுநூறு டாலருக்கு வீல் வாங்குவாங்க, காலிப்பருக்கு சிவப்பு பெயின்ட் அடிப்பாங்க. கேபிள்னு சொன்னா மட்டும் 'அதை அப்புறம் பாத்துக்கலாம்'. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதுன்னு நம்மூர்ல சொல்றது இதைத்தான், இங்க தும்பே கேபிள்தான்.

சரி, பார்க்ல போடுறதுன்னா என்ன? கியர்பாக்ஸ் உள்ள விரல் மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு, பல்சக்கரத்துல ரெண்டு பல்லுக்கு நடுவுல போய் உக்காருது. முழுசா உக்காரலைன்னாலும் வெளிய லிவர் என்னவோ 'பி'ன்னுதான் காட்டும். இதே ஃபோர்டு 1980 டிசம்பர்ல அமெரிக்க அரசோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. 1966ல இருந்து 1980 வரைக்கும் வந்த சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளோட ஓனர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர். பார்க்ல விட்ட வண்டி ரிவர்ஸுக்கு நழுவுதுன்னு வந்த புகார்களுக்கு ரீகால் இல்லாம ஸ்டிக்கரோட முடிச்சுக்கிட்டாங்க. அந்த ஸ்டிக்கர் சொன்ன வைத்தியத்துல ஒண்ணு: பார்க்கிங் பிரேக்கை முழுசாப் போடு. அந்தப் புகார்கள்ல இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அண்ணன் வண்டி ஆஃப்ல இருந்துச்சு, அது வித்தியாசம்தான். ஆனா 'விழுந்த மாதிரி தெரிஞ்சு விழாம இருக்கிறது' ரெண்டுக்கும் பொது. அண்ணன் வண்டி 1966 மாடல், அதே சி4 கியர்பாக்ஸ். கடைக்காரர் எந்த வண்டியைப் பாத்து 'பார்க் போதும்'னு சொல்றார் பாருங்க!

'அது அந்தக் காலம்'னு சொல்றவங்களுக்கு 2016. லிவர் பார்க்ல விழுந்துச்சா இல்லையான்னு ஓட்டுறவங்களுக்குத் தெரியலைன்னு ஃபியட் கிரைஸ்லர் 11 லட்சம் வண்டிகளை ரீகால் பண்ணுச்சு. அந்த வருஷம் ஜூன்ல நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் வீட்டு வாசல் சரிவுல, தன்னோட ஜீப்பே உருண்டு வந்து நசுக்கி செத்துப் போனார். வயசு 27. என்னை விட ஒரு வயசு கம்மி.

இன்னொரு குரூப் இருக்கு. லைன்-லாக் பார்ட்டிங்க. பிரேக் பெடலை மிதிச்சு, ஒரு சுவிட்ச் தட்டி, லைனுக்குள்ள பிரஷரை அடைச்சு வச்சுட்டு அதுதான் ஹேண்ட்பிரேக்னு சொல்லுவாங்க. அது டிராக்ல டயரைச் சுத்தவிட்டு சூடேத்துறதுக்கு வந்த சாமான். சூடான எண்ணெய் ஆறினா சுருங்கும், ரப்பர் சீல் கசியும், பிரஷர் இறங்கும். நீங்க சாப்பிடப் போகும்போது வண்டி நிக்கும், திரும்பி வரும்போது நிக்குமாங்கிறது வேற விஷயம். அதுவும் 1966 மஸ்டாங்ல மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். இரட்டை சர்க்யூட் 1967 மாடல்லதான் வந்துச்சு. அதை மாத்தாம ஓட்டுறவங்களுக்கு ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் கிடையாது. அப்போ மிச்சம் இருக்கிற ஒரே பிரேக், எண்ணெயே தேவைப்படாத அந்தக் கேபிள்தான். அதையும் அந்த எண்ணெயிலயே கொண்டு போய் மாட்டுறவங்களை என்ன சொல்ல?

'ரொம்ப கஷ்டம், எதுவும் பொருந்தாது'ன்னு அடுத்த சாக்கு. பொருந்தாதுதான், யார் இல்லைன்னா? அண்ணன் வண்டிக்கு வந்தது 1990கள் எக்ஸ்ப்ளோரரோட 8.8 ஆக்ஸில். அதுல டிஸ்க்கோட நடுக்குழிக்குள்ள ஹேண்ட்பிரேக்குக்குன்னே தனியா குட்டி ஷூ இருக்கு. அதோட கேபிளுக்கு நீளம் வேற, முனை வேற, வர்ற திசையும் வேற. இந்தப் பக்கம் மஸ்டாங்ல முன் கேபிள் ஒண்ணு வந்து ஈக்வலைசர்ல சேர்ந்து ரெண்டு சக்கரத்தையும் சமமா இழுக்கும். ரெண்டு ஏபிஐ, நடுவுல ஒரு அடாப்டர் எழுதணும், அவ்வளவுதான் நம்ம பாஷையில. சக்கரத்துப் பக்கம் புது ஆக்ஸிலோட கேபிளையே வச்சுக்கணும். ஈக்வலைசர் பக்கம் அளவெடுத்து முனை அழுத்தின கேபிள் செஞ்சு வாங்கலாம், இல்லைன்னா வெட்டிப் பொருத்துற யுனிவர்சல் கிட் வாங்கலாம். அதை விட்டுட்டு ஹார்டுவேர் கடையில விக்கிற கம்பி கிளாம்ப் ரெண்டைப் போட்டு முடிச்சுப் போடுறது கொடிக்கயிறுக்கு ஓகே, ஒன்றரை டன் வண்டிக்கு இல்லை.

அண்ணனும் நானும் கீழ படுத்துப் பாத்தப்பதான் நிறைய புரிஞ்சுது. உள்கம்பி இழுக்கணும்னா வெளி உறை ரெண்டு முனையிலயும் அசையாம நிக்கணும். சைக்கிள் பிரேக் கேபிள் கழண்டு தொங்கினவங்களுக்கு இது தெரியும். ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும்போது கேபிள் இறுகாத அளவு வளைவு விடணும், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. அப்புறம் பெரிய சங்கதி, நெம்புகோல் கணக்கு. பழைய கைப்பிடி பழைய டிரம்முக்குன்னு அளந்து செஞ்சது. புது பிரேக் அதிக தூரம் கேட்டா கைப்பிடி முழுசா வந்தும் பிடிக்காது. அதிக விசை கேட்டா கை வலிக்கும், பிடிக்காது. நடுவுல இருக்குற லிவர்ல கேபிள் மாட்டுற ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா இது மாறும். ஆனா ஒண்ணைக் கொடுத்துத்தான் இன்னொண்ணை வாங்கணும், தூரமும் விசையும் சேர்ந்து இலவசமா கிடைக்காது. இன்னொரு தப்பு எல்லாரும் பண்றது: ஷூ லூசா இருக்குறதை கேபிளை இறுக்கி சரி பண்றது. முதல்ல சக்கரத்துல ஷூவோட இடைவெளியை சரி பண்ணிட்டு, கடைசியாத்தான் கேபிள்.

இதையெல்லாம் பண்ணிட்டு டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்றவங்களும் உண்டு (நமக்குப் பழக்கம்தானே, ஹி ஹி). இந்த நாட்டுல புதுக் காரோட ஹேண்ட்பிரேக் 20 சதவீதச் சரிவுல அஞ்சு நிமிஷம் நிக்கணும், மூக்கு மேல பாத்தும் கீழ பாத்தும். 1966 வண்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனா சரிவுக்கு வண்டியோட வயசு தெரியாதே! பிட்ஸ்பர்க்ல கேன்டன் அவென்யூன்னு ஒரு தெரு 37 சதவீதம் ஏறும். நம்மூர்லயும் 1989 மோட்டார் வாகன விதிகள்ல 96வது விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் தனித்தனியா இருக்கணும்னு சொல்லுது. அம்பாசடரைக் குடையுற அண்ணாச்சிகள் கவனிக்க.

கடைக்காரருக்கு போன் போட்டோம். கேபிள் வேலைக்கு தனியா காசு கேக்குறார். கழட்டினதுக்கு யாரு காசு கொடுப்பான்னு அண்ணன் திருப்பிக் கேட்டதும் லைன் கட் ஆயிடுச்சு. அளவெடுத்து நாங்களே ஆர்டர் பண்ணிட்டோம், வெள்ளிக்கிழமை பார்சல் வருது. அது வரைக்கும் கொல்லிமலை லாரி கிளீனர் மாதிரி, வண்டி நின்னதும் நான் குதிச்சு இறங்கி பின் சக்கரத்துக்கு கல்லு வைக்கிறேன். ஆறு வருஷம் பொட்டி தட்டினதுக்கு அப்புறம் கிடைச்ச புரமோஷன்.