உங்கள் பைல் பேசுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் திறந்து பார்ப்பது வேர்ட். அடுத்தது எக்ஸெல். ஒரு கடிதம், ஒரு பயோடேட்டா, வீட்டு வரவு செலவுக் கணக்கு என்று தொடங்கி, ஆறு மாதத்தில் அக்கம் பக்கத்தாருக்கு விண்ணப்பம் டைப் செய்து தரும் அளவிற்குத் தேறிவிடுகிறோம். அப்படி நாம் தயாரித்த பைலை நாளை பார்வையற்ற ஒருவர் திறந்து படிக்க வேண்டி வரலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி நாலு வரிகள். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையின் அடிவாரம். இன்ஜினியரிங் படித்து முடித்துச் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். வயது 28. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் கல்லூரி நாட்களில் பார்வை படிப்படியாகக் குறைந்தது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். வேர்ட், எக்ஸெல், மெயில், புரோகிராம் எழுதுவது என்று எல்லாவற்றையும் காதால் கேட்டுத்தான் செய்கிறேன். மானிட்டர் பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.

ஸ்கிரீன் ரீடர் என்ன செய்கிறது?

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் உள்ளதைப் பேச்சாக மாற்றித் தரும் சாப்ட்வேர். அது திரையைக் கேமரா போலப் படம் பிடித்துப் பார்ப்பதில்லை. இது பட்டன், இது மெனு, இது சி7 என்ற செல், இது முதல் நிலைத் தலைப்பு என்று விண்டோஸும் அந்தந்த புரோகிராமும் தரும் தகவல்களை வாங்கிப் பேச வைக்கிறது. அந்தத் தகவல் பைலுக்குள் இருந்தால்தான் எங்களுக்குக் கிடைக்கும். கண்ணுக்கு மட்டும் அழகாக இருந்து, உள்ளே எதுவும் இல்லை என்றால் ஸ்கிரீன் ரீடரால் ஒன்றும் செய்ய முடியாது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்தத் துறையில் பழைய பெயர் ஜாஸ். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் 1989-ல் டாஸ் இயக்கத்திற்காக வெளியிட்டது. இன்றும் நன்றாக இயங்கும் சாப்ட்வேர்தான். ஆனால் விலை சாதாரண வீட்டிற்கு எட்டாது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற இளைஞர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டெஹ் சேர்ந்து கொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு விலை கொடுத்த பிறகு, அதைக் கேட்பதற்குத் தனியாக இன்னொரு விலை எதற்கு என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. என்விடிஏ இன்றுவரை இலவசம். கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழும் படிக்கும். இயந்திரக் குரல்தான், இனிமையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் தெளிவாகக் கேட்கும்.

கல்வராயன் மலை போன்ற இடங்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகப் போக செல்போன் சிக்னலை நம்ப முடியாது. என்விடிஏ பேசுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்று எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் இயங்கும். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் விண்டோஸ் 7 இருந்தால், என்விடிஏவின் 2023.3.4 பதிப்பைப் பயன்படுத்தவும். விண்டோஸ் 7-ல் இயங்கும் கடைசிப் பதிப்பு அதுதான்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி முடியும்?"

எனக்குப் பார்வை குறைந்து வந்தபோது ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். "எக்ஸெல்லே கட்டம் கட்டமாகப் பார்க்கிறதுதானே தம்பி, உங்களுக்கு எப்படி முடியும்?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் தவறான கேள்வி. எக்ஸெல் ஸ்கிரீன் ரீடருக்கு மிகவும் பொருத்தமான சாப்ட்வேர். ஒவ்வொரு செல்லுக்கும் முகவரி இருக்கிறது. தெருவும் கதவு எண்ணும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

எங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறங்கும் காலத்தில் வியாபாரிகள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். விவசாயி பெயர், ஊர், மூட்டை, விலை, தொகை என்று ஐந்து நெடுவரிசைகள். தலைப்பு வரிசையின் முதல் செல்லில் நின்று இன்செர்ட் + ஷிப்ட் + சி அழுத்திவிட்டால் போதும். பிறகு அம்புக்குறி கீகளால் நகரும்போது "ஊர், இன்னாடு", "மூட்டை, 42" என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும். கண்ட்ரோல் + கீழ் அம்பு அழுத்தினால் கடைசி வரிசை. ஆல்ட் + சமக்குறி அழுத்தினால் கூட்டல். மவுஸைத் தொட வேண்டியதே இல்லை. இந்த ஷார்ட்கட் கீகளை நாங்கள் மனப்பாடமாக வைத்திருப்பதால், மவுஸைத் தேடி அலைபவரை விட வேகமாகவே முடித்துவிடுவோம்.

எல்லாமே முடியும் என்று சொல்ல மாட்டேன். படமாக ஒட்டிய வரைபடத்தில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்குத் தெரியாது. அச்சுக்குப் போகும் முன் பக்கம் அழகாக இருக்கிறதா என்று பக்கத்து சீட் நண்பரைக் கேட்பேன். ஆனால் ஒரு அலுவலகத்தில் நடக்கும் கடிதம், கணக்கு, பட்டியல் வேலைகளுக்கு இது தடையாக இருந்ததில்லை.

உண்மையான தடை எங்கே?

கடந்த முறை ஊருக்குப் போனபோது சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வந்திருந்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்திருந்தான். என்விடிஏவை இரண்டு நாளில் பிடித்துக் கொண்டான். மூன்றாம் நாள், "அண்ணா, இதைக் கத்துக்கிட்டா ஆபிஸ் வேலை கிடைக்குமா?" என்று கேட்டான்.

சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதில் ஒரு சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைந்த பார்வை உள்ளோருக்கும். மின்னணு வடிவில் வரும் தகவல்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு இருந்தும் அவனுக்கு நான் சொன்ன பதில், "வேலை கிடைக்கும்டா தம்பி. அங்கே உனக்கு எப்படிப்பட்ட பைல் தருவார்கள் என்பதுதான் கேள்வி."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு வேர்ட் பைலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. தமிழில் இருக்கிறது என்றார்கள். திறந்தால் ஸ்கிரீன் ரீடர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளைப் படித்துக் கொண்டே போனது. பாமினி எழுத்துருவில் டைப் செய்திருக்கிறார்கள். இந்தப் பழைய வகை எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது மட்டும் தமிழ் உருவம். பாமினியில் "அம்மா" என்று டைப் செய்தால் பைலுக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச். உங்கள் கண்ணுக்கு அது அம்மா. எங்கள் காதுக்கு எம், கே, செமிகோலன், கே, எச். வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

யூனிகோடில் அந்தச் சிக்கல் இல்லை. அ என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். அதனால் எந்த ஸ்கிரீன் ரீடரும் அதை அ என்றே படிக்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதமே யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்துவிட்டது. ஆண்டுகள் இத்தனை ஆகியும் டைப் செய்பவர்களின் கை பழைய எழுத்துருவை விடவில்லை. பார்வையற்றவரால் வேலை செய்ய முடியவில்லை என்ற முடிவுக்கு வரும் முன், அவர் கையில் கொடுத்த பைல் படிக்கும் நிலையில் இருந்ததா என்று கேட்பதுதான் நியாயம்.

நீங்கள் செய்யக் கூடியவை

நீங்கள் இப்போதுதான் கம்ப்யூட்டர் கற்றுக் கொள்கிறீர்கள். பழகிப் போன கெட்ட பழக்கம் எதுவும் இன்னும் இல்லை. எனவே தொடக்கத்திலேயே இந்த ஐந்தையும் பழகிக் கொள்ளுங்கள்.

1. தமிழை யூனிகோடில் மட்டும் டைப் செய்யவும். விண்டோஸிலேயே தமிழ் கீபோர்டு வசதி இருக்கிறது. மொழிகளுக்கான செட்டிங்ஸ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும். பழைய எழுத்துருவில் உள்ள பைல்களை யூனிகோடாக மாற்றித் தரும் கன்வர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. தலைப்புக்கு ஸ்டைல் கொடுக்கவும். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்தால் அது பார்ப்பவருக்குத்தான் தலைப்பு. தலைப்பு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஆல்ட் + 1 அழுத்தவும். ஹெடிங் 1 ஸ்டைல் வந்துவிடும். பிறகு நாங்கள் இன்செர்ட் + எப்7 அழுத்தித் தலைப்புகளின் பட்டியலை வாங்கி, வேண்டிய இடத்திற்குத் தாவுவோம். இது இல்லாவிட்டால் 40 பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கேட்க வேண்டும்.

3. பட்டியலை ஸ்பேஸ் பார் தட்டித் தட்டி அமைக்க வேண்டாம். டேபிள் வசதியைப் பயன்படுத்தவும். எக்ஸெல்லில் செல்களை மெர்ஜ் செய்வதையும் இடையில் காலி வரிசை விடுவதையும் தவிர்க்கவும். "சிவப்பில் இருப்பவர்கள் பாக்கி" என்று நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். "நிலை" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து "பாக்கி" என்று டைப் செய்துவிடுங்கள்.

4. படம் சேர்த்தால் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதவும். படத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் இந்தப் பிரிவு இருக்கும். படம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி போதும்.

5. அச்சிட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎப் ஆக அனுப்ப வேண்டாம். அது வெறும் படம். வேர்டிலேயே சேவ் ஆஸ் மூலம் பிடிஎப் ஆக மாற்றினால் தலைப்புகளும் டேபிள்களும் உள்ளே அப்படியே இருக்கும்.

இவற்றில் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று பார்க்க, செக் ஆக்சஸிபிலிட்டி என்ற வசதி ஆபிஸ் தொகுப்பில் 2010 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இலவசமான லிப்ரே ஆபிஸின் புதிய பதிப்புகளிலும் இது போன்ற சோதனை உண்டு. பழைய எழுத்துருவை மட்டும் இதை நம்பாமல் நீங்களே கவனிக்க வேண்டும்.

"எங்கள் வீட்டில் பார்வையற்றவர் யாரும் இல்லையே, எதற்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். பைல் ஒரு வீட்டில் தங்குவதில்லை. மெயிலில் போகும், வாட்ஸ்அப்பில் போகும், பத்து வருடம் கழித்து யாரோ திறப்பார்கள். தவிர, பலன் உங்களுக்கும்தான். ஹெடிங் ஸ்டைல் கொடுத்த டாகுமெண்டில் பொருளடக்கம் இரண்டு கிளிக்கில் தயாராகும். யூனிகோடில் உள்ள பைலில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கும், மெயிலில் அனுப்பினாலும் கட்டம் கட்டமாக மாறாது. எங்களுக்காகச் செய்வது தனி வேலை இல்லை, முறையாகச் செய்வதுதான்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + என்டர் அழுத்தவும். நெரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் பேசத் தொடங்கும். தமிழைச் சேர்த்து அதற்கான பேச்சு வசதியையும் டவுன்லோட் செய்திருந்தால் "வள்ளுவர்" என்ற தமிழ்க் குரலும் கிடைக்கும். மானிட்டரை அணைத்துவிட்டு, கடைசியாக நீங்கள் தயாரித்த பைலைத் திறந்து கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு வழி தெரியாமல் போகிறதோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். மீண்டும் அதே மூன்று கீகளை அழுத்தினால் குரல் நின்றுவிடும்.

சேராப்பட்டு மாணவன் இப்போது டைப்பிங் பழகி வருகிறான். இன்னும் சில வருடங்களில் ஏதாவது ஒரு அலுவலக நாற்காலியில் உட்காருவான். அன்று அவன் மேஜைக்கு வரும் பைல் நீங்கள் டைப் செய்ததாகவும் இருக்கலாம்.